முதுகில் மூன்று மிதி

அந்தப் பையை மடியில் போட்டுக்கொண்டு இப்படிக் கூனி உட்கார்ந்தால் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்? நிமிர்ந்து உட்காருங்கள். இந்தப் பக்கம் வாருங்கள், அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. எலும்பு டாக்டர் ஆஸ்பத்திரியில் நாற்காலியே நொண்டி. சொன்னால் முன்னால் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண் சிரிக்கிறாள். எதற்கெடுத்தாலும் சிரிப்பு. டோக்கன் எத்தனை? பதினெட்டா? அப்படியானால் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிடுங்கள். இப்போதுதான் ஆறு உள்ளே போயிருக்கிறது.

எக்ஸ்ரேயைக் கொடுங்கள், பார்க்கலாம். கொடுங்கள் அம்மா, தின்றுவிட மாட்டேன். தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்களே! இது தாடை. இதுதான் கழுத்து. இது இப்படி லேசாக வளைந்து இருக்க வேண்டும். உங்களுக்குக் கம்பு மாதிரி நிற்கிறது. நாள் முழுக்க என்ன வேலை? தையலா? நினைத்தேன்.

முதுகெலும்பு, முதுகெலும்பு என்று ஊரே சொல்கிறது, என்னவோ உலக்கை மாதிரி ஒரே எலும்பு கிடக்கிற நினைப்பில். ஒன்று இல்லை, முப்பத்து மூன்று. கழுத்தில் ஏழு. விலா எலும்பெல்லாம் வந்து மாட்டுகிற இடத்தில் பன்னிரண்டு. இடுப்பில் ஐந்து. அதற்குக் கீழே ஐந்து ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடும். கடைசியில், வால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நான்கு. ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் ஏழுதான், உங்களுக்கும் ஏழுதான். அது தையல் மிஷினில் குனிவதில்லை, அதனால் அதற்கு இந்த டாக்டர் ராஜசிங் தேவைப்படுவதில்லை. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு வட்டு. ஒவ்வொரு எலும்பின் பின்பக்கமும் ஓர் ஓட்டை. ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால் அது ஒரு குழாய். அந்தக் குழாய்க்குள்தான் தண்டுவடம் இறங்குகிறது, சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். அதிலிருந்து கிளம்புகிற நரம்புதான் கையை அசைக்கிறது, காலை அசைக்கிறது, ஒன்றுக்குப் போக வேண்டும் என்று சொல்கிறது. தலையைத் தாங்க வேண்டும், உடம்பை நிறுத்த வேண்டும், உள்ளே போகிற நரம்பைக் காப்பாற்ற வேண்டும். மூன்று ஆள் வேலை. யாரும் ஒரு நாள் கூடத் திரும்பிப் பார்த்து நன்றி சொன்னதில்லை. என்னை மாதிரி.

இதெல்லாம் சிஸ்டர் பெனடிக்டா சொல்லிக் கொடுத்தது. பாளையங்கோட்டையில் கான்வென்ட் படிப்பு எனக்கு. லேபில் கண்ணாடி அலமாரிக்குள் நிஜ எலும்புக்கூடு ஒன்று தொங்கும். மற்றப் பெண்கள் எல்லாம் கிட்டப் போகப் பயந்து கத்துவார்கள். நான் கதவைத் திறந்து விரல் வைத்து எண்ணுவேன். சிஸ்டர் சொல்வார்: “வத்சலா, இதைத் தூண் என்று நினைக்காதே. தூண் குனியாது. சங்கிலி என்றும் நினைக்காதே. சங்கிலி நிற்காது.” ப்ளஸ் டூவில் உயிரியலில் நூற்று எண்பத்தேழு. மெடிக்கல் சீட்டு ஒன்றரை மார்க்கில் போயிற்று. விலங்கியல் சேர்ந்தேன். இரண்டாவது வருஷம் பாதியில் கல்யாணம். சரி, அது வேறு கதை.

எனக்கா? எனக்கு என்ன நோய்? ஐம்பத்து நான்கு வயதாகிறது, பாருங்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே படுத்திருப்பது என் வீட்டுக்காரரின் அக்கா. உலகம்மாள். எனக்கு மதினி. அறுபத்தாறு வயது, வீரவநல்லூரில் தனியாக இருக்கிறாள், புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. இன்றைக்கு மதினியைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் இவ்வளவு நீளத்துக்கு ஊசி விட்டு, எலும்பிலிருந்து துளி சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறார்கள். ஊசி போகிற இடத்துக்கும் தண்டுவடத்துக்கும் ஒரு விரற்கடை தூரம் இருந்தால் அதிகம். எதற்கு என்கிறீர்களா? டாக்டருக்குச் சந்தேகம். விலா எலும்பு மாட்டுகிற பன்னிரண்டில் கடைசியானது முன்பக்கம் நசுங்கிப் போயிருக்கிறது, காலில் மிதிபட்ட தீப்பெட்டி மாதிரி. பாத்ரூமில் லேசாக வழுக்கி உட்கார்ந்ததற்கு இப்படி நசுங்காது என்கிறார். “எலும்பு பலம் பார்த்தேன், வயசுக்குப் பரவாயில்ல. அப்ப உள்ள வேற ஏதோ இருக்கணும். கட்டியா இருக்கலாம், டிபியா இருக்கலாம். ஸ்கேன்ல உறுதியாச் சொல்ல முடியல. எடுத்துப் பாத்திருவோம்.” இது போன வியாழக்கிழமை.

அன்றைக்கே மதினி செத்துப்போய்விட்டாள். உயிர்தான் போகவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். எங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்த அரக்குக் கலர்ச் சின்னாளப்பட்டுப் புடவையை எடுத்துத் தம்பியிடம் காட்டி, “இதத்தான் கட்டிவிடணும், வேற எதையும் கட்டிராத” என்கிறாள். அந்த மனுஷர், என் வீட்டுக்காரர் கோலப்பன், பி.ஏ. படித்தவர், மின்வாரியத்தில் சூப்பரின்டெண்டெண்டாக இருந்து ரிட்டையர் ஆனவர், புடவையைக் கையில் வாங்கிக்கொண்டு அழுகிறார். வாங்குவதா அதை? தூக்கி உள்ளே வையுங்கள் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது. இப்போது கீழே மருந்துக் கடையில் நிற்கிறார். ஊசிக்கு முன்னால் போடுகிற மருந்து வாங்க. அரை மணி நேரமாக நிற்கிறார். யாராவது “முதல்ல நான் வாங்கிக்கிடுதேன்” என்றால் விட்டுவிடுவார்.

பாத்ரூமில் எப்படி வழுக்கினாள் என்றா கேட்கிறீர்கள்?

வழுக்கவில்லை.

இங்கே கொஞ்சம் கிட்டத்தில் வாருங்கள். அந்தச் சிரிக்கிற பெண்ணுக்குக் காது நீளம்.

நான் பிறக்கும்போது தலை முன்னால் வரவில்லை. கால் வந்தது. அதற்கு நான் என்ன செய்ய? கருப்பையில் திரும்பாமல் கிடந்த குழந்தை, அவ்வளவுதான். நூறில் மூன்று நான்கு அப்படித்தான் வரும். ஆனால் நம் பக்கத்தில் உங்களுக்குத் தெரியும், கால் முன்னால் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு ஓடிவிடும் என்பார்கள். இடது காலால் மூன்று மிதி. வெறும் வயிறு. தலை கிழக்கே. மிதித்ததும் மிதிபட்டவர் திரும்பிப் பார்க்காமல் எழுந்து போய்விட வேண்டும். என்ன விஞ்ஞானம்! முப்பத்தொரு ஜோடி நரம்பு வெளியே வருகிற இடத்தில் காலைத் தூக்கி வை, சரியாகிவிடும். காட்டுமிராண்டித்தனம். நான் சின்ன வயதிலேயே அம்மாவிடம் சொன்னேன், யாரிடமும் சொல்லாதே என்று.

அம்மா யாரிடம் சொன்னாள் தெரியுமா? பெண் பார்க்க வந்தவர்களிடம். கான்வென்ட், உயிரியல், நூற்று எண்பத்தேழு, எல்லாவற்றுக்கும் அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு கேசரியைத் தின்றார்கள். “பிள்ள காலால பொறந்தவ” என்று அம்மா சொன்னதும் மதினி தட்டைக் கீழே வைத்தாள். “அப்படியா! எந்தக் கால் முதல்ல?” இடது என்றதும் அங்கேயே முடிவாகிவிட்டது. என் கால் கொடுத்த சம்பந்தம் அது.

கல்யாணம் முடிந்து நான்காவது நாள். மருதாணி அழியவில்லை. காலை ஆறரை மணிக்குக் கதவைத் தட்டுகிறாள் மதினி, அவளை அதே வீரவநல்லூரில் அடுத்த தெருவில்தான் கட்டிக் கொடுத்திருந்தது. “வச்சலா, பல்லு தேச்சிட்டியா? காப்பி குடிச்சிராத. ஆள் வந்திருக்கு.” போய்ப் பார்த்தால் முற்றத்தில் வாய்க்கால் தெரு ஜவுளிக் கடைக்காரர் குப்புறக் கிடக்கிறார், கிழக்கே தலை வைத்து. எனக்குப் பத்தொன்பது வயது. ஓர் ஆம்பளை முதுகில் கால் வைக்கச் சொல்கிறார்கள். நான் மாட்டேன் என்றேன். மாமியார் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு வைத்தேன். அவர் எழுந்து, கையை ஆட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். மறுநாள் மூன்று பேர். அதற்கடுத்த நாள் ஐந்து பேர். மதினிதான் ஏற்பாடெல்லாம். யார் முதலில் வந்தது, யாருக்கு எந்த இடம், யாருக்குப் பிடித்து எத்தனை நாள், எல்லாம் விசாரித்து உள்ளே அனுப்புவாள். இந்த ரிசப்ஷன் பெண்ணை விட நன்றாகவே செய்தாள், அதைச் சொல்ல வேண்டும். வெற்றிலை பாக்கு, ஒரு சீப்புப் பழம், இப்படி ஏதாவது வைத்துவிட்டுப் போவார்கள். அதை நான் தொட்டதில்லை.

எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. துளி கிடையாது. ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த ஊரில் இருந்த வரைக்கும் இருநூறு பேருக்கு மேல் மிதித்திருப்பேன், ஒருத்தர் கூடத் திரும்பி வந்து இன்னும் வலிக்கிறது என்று சொன்னதில்லை. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கைவிட்ட கேஸ், ஒரு வாத்தியார், தூக்கிக்கொண்டு வந்தார்கள், நடந்து போனார். அதற்கெல்லாம் ஏதாவது காரணம் இருக்கும். தசை தளர்ந்திருக்கும். எனக்கு அளவு தெரியும், எந்த எலும்புக்கு மேல் எவ்வளவு கனம் வைக்கலாம் என்று. படிக்காதவள் கால் என்றால் எப்போதோ ஆளைக் கொன்றிருக்கும்.

திருநெல்வேலிக்குக் குடிவந்த பிறகு நிறுத்திவிட்டேன். இங்கே காலனியில் நான் யார் என்று ஒரு மரியாதை இருக்கிறது. சங்கத்தில் நான்தான் செயலாளர். மார்கழியில் கோலம் போடுகிறவர்களுக்கு எப்படிக் குனிய வேண்டும், முட்டியை எப்படி மடக்க வேண்டும் என்று கூட்டம் போட்டுச் சொல்லிக் கொடுத்தேன். குழந்தைகளுக்கு மந்திரிக்கிறேன் என்று ஒருத்தி வந்தபோது, விரட்டிவிட்டவள் நான்.

இந்த ஐப்பசி, காந்திமதி அம்மன் திருக்கல்யாணத்துக்கு வழக்கம்போல மதினி வந்தாள். வருஷா வருஷம் வருவாள், பத்து நாள் இருப்பாள். வந்த மூன்றாவது நாள் கிரைண்டர் குழவியைத் தூக்கினாள். தூக்காதீர்கள் என்று நான் சொன்னேன், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குனிந்த வாக்கில் கனத்தைத் தூக்கினால் இடுப்பு எலும்பின்மேல் எத்தனை மடங்கு பாரம் இறங்குகிறது தெரியுமா? கேட்டால்தானே! பிடித்துக்கொண்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு சுவரைப் பிடித்து நடக்கிறாள்.

“வச்சலா, ஒரு மிதி மிதிச்சிரு. போயிரும்.”

“மதினி, அதெல்லாம் கூடாது. எலும்பு டாக்டர்ட்டப் போவோம்.”

“எலும்பு டாக்டர் எதுக்கு, நீ வீட்ல இருக்கும்போது?”

நான் பாடம் எடுத்தேன். காலண்டரின் பின்பக்கத்தில் படம் வரைந்தேன். முப்பத்து மூன்று எலும்பு, வட்டு, தண்டுவடம். இதன் மேல் கால் வைத்தால் என்ன ஆகும் தெரியுமா, வயதானால் எலும்பு எப்படிப் பஞ்சாகும் தெரியுமா என்று ஒன்று விடாமல். மதினி கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, “படம் நல்லா போடுத வச்சலா. இந்த நடுவுல இருக்கதுல மிதிச்சாப் போதும்” என்றாள்.

நான்கு நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான்கு நாளும் மாட்டேன் என்றேன். இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் காலை கிரேஸ் டேனியல் வந்தாள். கான்வென்டில் எனக்கு இரண்டு வருஷம் கீழே படித்தவள். மண்புழுவை அறுக்கச் சொன்னால் மயங்கி விழுவாள், அப்படிப்பட்டவள். இப்போது கல்லூரியில் விலங்கியல் துறைத் தலைவி. பக்கத்துத் தெருவில் வீடு வாங்கியிருக்கிறாள், பால் காய்ச்சுகிறார்கள், அழைக்க வந்திருக்கிறாள். காப்பி கொடுத்தேன். பழைய டீச்சர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். “அக்கா, நீங்கதான் டாக்டராகப் போறீங்கன்னு நாங்கள்லாம் நெனச்சோம்” என்றாள் கிரேஸ். நான் ஏதோ சொல்லவந்தேன். அதற்குள் மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“அவ படிச்சது என்னத்துக்கு ஆச்சும்மா? மார்க்கு வாங்குனா, எல்லாம் வாங்குனா. ஒண்ணுக்கும் ஒதவல. ஆனா அந்த எடது காலு இருக்கு பாத்தியா, அது கடவுளாக் குடுத்தது. எங்க ஊர்ல வந்து கேட்டுப்பாரு, வச்சலா காலுக்கு ஈடு கெடையாதுன்னு சொல்லுவாங்க. டாக்டரெல்லாம் அதுக்குப் பொறவுதான்.”

புகழ்கிறாள்! அவள் மனதில் அது புகழ்ச்சி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

கிரேஸ் சிரித்தாள். “அக்கா! நீங்க சொல்லவே இல்லையே! எனக்கும் இடுப்பு வலி உண்டு” என்று சொல்லிச் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் சிரித்தாள். டம்ளரை வைத்துவிட்டு, வாசல் வரை சிரித்துக்கொண்டே போனாள்.

கதவைச் சாத்தினேன். “படுங்க மதினி” என்றேன்.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சின்னப் பிள்ளைக்குப் பலூன் கிடைத்த மாதிரி. ஹாலில் பாயை விரித்து, கிழக்கே தலை வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குப்புறப் படுத்தாள். “காப்பி குடிச்சிட்டியே, பரவால்லையா?” என்று கவலை வேறு.

காலை வைத்தேன். அவ்வளவுதான்.

என்ன பார்க்கிறீர்கள்? சரி, வைக்கவில்லை, மிதித்தேன். முதல் மிதி இடுப்பில், எப்போதும் வைக்கிற கனம்தான். இரண்டாவது கொஞ்சம் கூட. இரண்டாவது வைக்கும்போது மதினி பாயில் முகத்தை வைத்துக்கொண்டே சொல்கிறாள், “கிரேஸுக்கும் ஒரு நாள் மிதிச்சு விடு. பாவம்.” மூன்றாவது மேலே போயிற்று. இடுப்பு எலும்பு ஐந்தும் முடிந்து, விலா எலும்பு ஆரம்பிக்கிற இடம். அங்கே மிதிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், முப்பத்தைந்து வருஷமாகத் தெரியும். உள்ளங்காலையும் வைக்கவில்லை. குதிகாலைத் தூக்கி, ஓங்கி, உதைத்தேன்.

ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. பச்சைக் குச்சி ஒடிகிற மாதிரி.

நான் அப்படியே நின்றேன். மதினி பாயிலிருந்து முகத்தைத் தூக்கினாள். அப்புறம், “விட்டுப்போச்சு வச்சலா! சத்தம் கேட்டியா? பிடிப்பு விட்டுச்சு!” என்றாள். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, சிரிக்கிறாள். எழுந்து, திரும்பிப் பார்க்காமல், முறைப்படி, அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று மாலை திருக்கல்யாணத்துக்கே போனாள். போய் நின்றாள். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் என் காலைப் பற்றித்தான் பேச்சு.

மூன்றாம் நாள் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. வலது கால் மரத்துப்போகிறது என்றாள். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். என் வீட்டுக்காரர் முன்னால் டிரைவர் பக்கத்தில். பின்னால் நாங்கள் இரண்டு பேரும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். நான் வாயைத் திறந்தேன், நிஜமாகத் திறந்தேன், டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று பேச. அவள் முந்திக்கொண்டாள். என் காதில் சொல்கிறாள்: “பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லிருவேன். மிதிச்சத சொன்னா டாக்டர் உன் கால் மேல பழிய போட்டுருவான். அவங்களுக்கு அதெல்லாம் புரியாது. உன் காலப் பத்தி ஒருத்தன் ஒரு சொல்லு சொல்லக் கூடாது.”

யார் கேட்டது அவளை? சொல்லுங்கள், யார் கேட்டது? நான் கேட்டேனா? எனக்காகப் பொய் சொல்லுங்கள் மதினி என்று நான் காலில் விழுந்தேனா? உள்ளே போய் டாக்டரிடம் கண்ணை இமைக்காமல் சொன்னாள். ஈரத் தரை, சோப்பு, லேசாக உட்கார்ந்தேன் என்று. அந்த “லேசாக”தான் இப்போது ஊசியாகி நிற்கிறது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? எனக்காகப் பொய் சொல்கிறாள் என்றாவது இருந்தால் ஒரு மாதிரி. அவளுக்கு அது பொய்யே இல்லை! என் கால் பட்டு எலும்பு உடையும் என்று அவளால் நினைக்கவே முடியவில்லை. டாக்டர் உள்ளே வேறு நோய் இருக்கலாம் என்றதும் உடனே நம்பிவிட்டாள். “பாத்தியா, உள்ள அரிச்சிக்கிட்டு இருந்திருக்கு. உன் கால் பட்டதும் அது வெளிய காட்டிக் குடுத்திருச்சு” என்கிறாள். நான் எலும்பை உடைத்தேன், அதற்கும் காலுக்குத்தான் பெருமை.

போன வியாழனிலிருந்து இன்றைக்கு வியாழன். ஏழு நாள். நான் டாக்டரிடம் சொல்லவில்லை. முறைக்காதீர்கள். சொல்ல என்ன இருக்கிறது? அவர் கண்டுபிடிக்க வேண்டியதுதானே? அத்தனை படித்திருக்கிறார், சுவர் முழுக்கச் சான்றிதழ் மாட்டியிருக்கிறார், வழுக்கி விழுந்த எலும்புக்கும் மிதிபட்ட எலும்புக்கும் வித்தியாசம் தெரியாதா? நான் சீட்டு கிடைத்துப் படித்திருந்தால் முதல் நாளே, “அம்மா, யார் மிதித்தது?” என்று கேட்டிருப்பேன். இந்த ஊரில் இடுப்புப் பிடித்தால் என்ன செய்வார்கள் என்று இந்த ஊர் டாக்டருக்குத் தெரிய வேண்டாமா?

சொன்னால் என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் கஷ்டம். ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்ப்பார். காலனியில் தெரிந்தால் சங்கத்தில் சிரிப்பார்கள். கிரேஸ் டேனியல் இந்த முறை சிரிக்க மாட்டாள். அது இன்னும் மோசம்.

ஊசி போட்டால் என்ன ஆகிவிடும் என்று யோசித்துப் பார்த்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு ஒன்றும் ஆகாது. எடுத்த சதையில் ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். பத்து நாளில் முடிவு வரும். “உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா” என்பார். அவ்வளவுதான், அரக்குப் புடவை பீரோவுக்குப் போய்விடும். யாருக்கும் தெரியாது. எவ்வளவு சுலபம் பாருங்கள்.

ஆனால் இன்று காலை இங்கே வரும்போது, காரில் ஏற்றுவதற்கு நான் அவளைத் தூக்கி நிறுத்தினேன். நிறுத்தினால், நிற்க மாட்டேன் என்கிறாள். வலியில் இல்லை. அறுபத்தாறு வயதில், இத்தனை செத்த வீட்டுக்குப் போய் ஒப்பாரி வைத்தவள், பேரைச் சொன்னாலே ஊரில் பயப்படுவார்கள், அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, “வச்சலா, ஊசி போடும்போது நீ உள்ள வருவியா? எனக்குப் பயமா இருக்கு” என்கிறாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நேரா நில்லுங்க மதினி” என்று சொன்னேன்.

இருங்கள். கூப்பிடுகிறார்கள். உலகம்மாள் கூட வந்தவர் யார் என்கிறாள் நர்ஸ்.

நான்தான் சிஸ்டர். என்ன? கையெழுத்தா? தம்பி கீழே கடையில் நிற்கிறார். நான் தம்பி மனைவி. நான் போட்டால் செல்லுமா? கொடுங்கள். படிக்காமல் போட மாட்டேன். எல்லோரும் படிக்காமல் போடுகிறார்கள் என்றால், போடட்டும்.

இதோ பாருங்கள், இந்த வரியை. ‘பாதிப்புக்கான காரணம்: குளியலறையில் வழுக்கி விழுந்ததாகக் கூறப்படுகிறது.’ கூறப்படுகிறதாம். யார் கூறினார்கள், எப்போது கூறினார்கள், ஒன்றும் கிடையாது. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும், மேலே கண்ட விவரங்கள் உண்மை என்று. என் கையெழுத்தை.

உங்களிடம் பேனா இருக்கிறதா?

நன்றி. இப்படி ஒரு கோடு. இப்போது இதற்கு மேலே. இடம் போதாது, ஓரத்தில் எழுதுகிறேன். ‘ஐப்பசி பதினோராம் தேதி காலை எட்டரை மணிக்கு, தரையில் குப்புறப் படுத்திருந்தபோது, முதுகில் மூன்று முறை மிதிக்கப்பட்டது.’ சீ, இதுவும் ‘கூறப்படுகிறது’ மாதிரிதான் இருக்கிறது. இதையும் அடிக்கிறேன். ‘நான் மிதித்தேன். மூன்றாவது, குதிகாலால் ஓங்கி. சத்தம் கேட்டது. கோ. வத்சலா.’ போதும்.

பிடியுங்கள் சிஸ்டர். என்ன விழிக்கிறீர்கள், எழுத்து புரியவில்லையா? புரியாமல் இருக்க வழியில்லை. ஆமாம், மிதித்தேன். நான்தான். டாக்டர் ஊசியைக் கையில் எடுத்திருந்தாலும் கீழே வைத்துவிட்டு இதைப் படிக்கச் சொல்லுங்கள். ஓடுங்கள். நடக்காதீர்கள், ஓடுங்கள்.

பேனா, இந்தாருங்கள்.

அப்படிப் பார்க்காதீர்கள். நான் பயந்து போய் எழுதவில்லை. தப்பான விவரத்துக்குக் கீழே கையெழுத்துப் போடுவது எனக்குப் பழக்கமில்லை. அவ்வளவுதான்.

படித்துவிட்டார் போலிருக்கிறது. டாக்டர் குரல். மதினியிடம் ஏதோ கேட்கிறார்.

கேட்கிறதா உங்களுக்கு? கதவு சாத்தியிருந்தும் இங்கே வரை கேட்கிறது பாருங்கள், முதுகு உடைந்தவள் தொண்டை!

“பொய்யி டாக்டரே! அவ பொய் சொல்லுதா! அந்தக் கால் அப்படிச் செய்யாது! அவளுக்கு எம் மேல பாசம், நான் பயந்துகிட்டு இருக்கேன்னு பழிய தூக்கித் தலையில போட்டுக்கிடுதா. நீங்க ஊசியப் போடுங்க!”

பாசமாம். முப்பத்தைந்து வருஷத்தில் நான் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் சிரித்த முகத்தோடு கொடுத்ததில்லை. பாசமாம்.

கொஞ்சம் காலை மடக்குங்கள், நான் போக வேண்டும். அந்த டாக்டரால் இவளைச் சமாளிக்க முடியாது, யாராலும் முடியாது. என் வீட்டுக்காரர் வந்தால் உள்ளே அனுப்புங்கள். உயரமாக, மருந்துப் பையோடு, வழி விட்டுக்கொண்டே வருவார், தெரிந்துவிடும். குப்புறப் படுத்திருக்கிறாள், என் முகம் அவளுக்குத் தெரியாது. அது ஒரு விதத்தில் நல்லது. பக்கத்தில் போய்க் குனிந்து, காதோடு காதாகச் சொல்ல வேண்டும். மதினி, உங்களுக்கு ஒரு நோயும் இல்லை. நான்தான்.